கல்ஃப் பேங்க்ல விட்டுட்டு வந்த பணம்... வருமான வரித் துறைக்குச் சொல்லணுமா? சொல்லாவிட்டால் என்ன ஆகும்?

கடியப்பட்டணம், முட்டம், குளச்சல் எனக் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் இருந்து பஹ்ரைன், கத்தார், சவுதி என்று மீன்பிடி வேலைக்குப் போய், வயசு ஆனதும் ஊருக்கே திரும்பியவர்கள் நிறைய. வரும்போது அங்கிருந்த பேங்க் அக்கவுண்டை குளோஸ் பண்ணாமலே வந்துவிடுவது வழக்கம்தான். "அரபி தர வேண்டிய பாக்கி வரட்டும்", "திரும்பப் போனாலும் போவோம்" என்று விட்டிருப்பார்கள். அந்த அக்கவுண்ட்தான் இப்போது கேள்வி.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். வெளிநாட்டில் வசித்தபோது அங்கே உழைத்துச் சம்பாதித்தது கறுப்புப் பணம் கிடையாது. அதற்கு இந்தியாவில் வரியும் இல்லை. ஊர் திரும்பிய பிறகு அந்த அக்கவுண்டை வைத்திருக்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவே அனுமதிக்கிறது. வைத்திருப்பது தப்பில்லை, கணக்கில் காட்டாமல் இருப்பதுதான் சிக்கல்.

எப்போதிலிருந்து காட்டணும்?

ஊருக்கு வந்த மறுநாளே அல்ல. 14 வருஷம் பஹ்ரைனில் இருந்துவிட்டு 2022 ஜூனில் ஒரேயடியாகத் திரும்பிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய 10 நிதியாண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாட்டவராக இருந்திருந்தால், சட்டம் அவரை 'சாதாரணமாக வசிக்காதவர்' என்றே கருதும். ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.என்.ஓ.ஆர். இந்தக் கணக்கில் அவருக்கு 2022-23, 2023-24 ஆகிய 2 நிதியாண்டுகள் தப்பிவிடும். 2024-25ல், வருஷா வருஷம் லீவுக்கு வந்த நாட்களையும் சேர்த்து, முந்தைய 7 வருஷத்தில் இந்தியாவில் இருந்தது 729 நாளைத் தாண்டியிருந்தால் அவர் முழு 'ரெசிடென்ட்'. அப்போதிருந்து வெளிநாட்டு அக்கவுண்டை ரிட்டர்னில் காட்ட வேண்டும். அதில் வரும் வட்டிக்கு இங்கே வரியும் உண்டு.

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான்: வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், முழு ரெசிடென்ட் ஆனவருக்கு வெளிநாட்டில் சொத்து இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். "எனக்குத்தான் வருமானமே இல்லையே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. அதிலும் ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்ட இடமே இல்லை. ஐ.டி.ஆர்.-2 அல்லது 3ல் 'ஷெட்யூல் எஃப்.ஏ.' என்ற பகுதியில்தான் நிரப்பணும். கணக்கு ஏப்ரல்-மார்ச் அல்ல, ஜனவரி-டிசம்பர். அந்த வருஷத்தில் இருந்த அதிகபட்ச இருப்பு, டிசம்பர் 31 அன்று இருந்த தொகை, வந்த வட்டி மூன்றும் வேண்டும்.

காட்டாவிட்டால்?

2015ல் வந்த கறுப்புப் பணச் சட்டம் கடுமையானது. காட்டாத ஒவ்வொரு ஆண்டுக்கும் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல். பணம் எப்படி வந்தது என்று விளக்க முடியாவிட்டால் சொத்து மதிப்பில் 30 சதவீதம் வரி, அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதம். கூட்டினால் 120 சதவீதம், அதாவது சொத்தையே கொடுத்தாலும் போதாது!

சின்னத் தொகைக்காரர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் அந்த 10 லட்சம் அபராதம் கிடையாது. 4,000 பஹ்ரைன் தினார் என்றால் 2024 நிலவரப்படி ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய்தான். ஆனால் துபாயில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிப் போட்டிருந்தால் இந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது.

அவங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியும். பஹ்ரைன், கத்தார், சவுதி, யு.ஏ.இ. உட்பட 100க்கும் மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாங்களாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இருக்கின்றன. அதை வைத்து 2024 நவம்பரில் வருமான வரித் துறை எஸ்.எம்.எஸ்., மெயில் அனுப்பத் தொடங்கியது. அதைப் பார்த்து 24,678 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டினார்கள். 2015ல் இதே சட்டத்தின் கீழ் 60 சதவீதம் கட்டச் சொல்லி 3 மாத அவகாசம் கொடுத்தபோது முன்வந்தது 648 பேர், காட்டியது 4,164 கோடிதான். சாதாரண எஸ்.எம்.எஸ். அதைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

விட்டுப்போனவர்களுக்கு என்ன வழி?

2026 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், சிறிய வரிதாரர்களுக்காக 6 மாத கால ஒருமுறைத் திட்டத்தை அறிவித்தார். மாணவர்கள், ஐ.டி. ஊழியர்களோடு ஊர் திரும்பிய என்.ஆர்.ஐ.களும் அதில் குறிப்பிடப்பட்டார்கள். வருமானத்தையே காட்டாதவர்கள், 1 கோடி ரூபாய் வரை, 30 சதவீதம் வரியும் அதே அளவு கூடுதல் தொகையும் கட்டணும். கல்ஃப்காரர்களுக்குப் பொருந்துவது இரண்டாவது வகை: பணம் நேர்மையாக வந்தது, வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்தது, ரிட்டர்னில் சொத்தைக் காட்டாதது மட்டும்தான் குறை. 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துக்கு 1 லட்சம் ரூபாய் கட்டணம் செலுத்தினால் அபராதமும் வழக்கும் இல்லை.

ஆனால் மொத்தமே 9 லட்சம் வைத்திருப்பவர் 1 லட்சம் கட்டி இதில் சேர வேண்டுமா என்பதை யோசிக்கணும். 20 லட்சம் வரம்புக்குள் இருப்பவருக்கு அபராதமே இல்லை என்பதால், சரியான படிவத்தில் ரிட்டர்ன் போடுவதே பலருக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது வெளிநாட்டு பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சான்று, கூடவே பழைய பாஸ்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்க. எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அந்த இமிக்ரேஷன் முத்திரைகள்தான் முக்கிய சாட்சி. புது பாஸ்போர்ட் வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டவர்கள்தான் இதில் அதிகம் அலைய வேண்டியிருக்கும்.