தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்

மின்சுற்றில் உறுப்புகளை இணைக்கும் அடிப்படை முறைகள் இரண்டு. உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் அமைந்தால் அது தொடர் இணைப்பு எனப்படும். எல்லா உறுப்புகளும் அதே இரு புள்ளிகளுக்கு இடையே இணைக்கப்பட்டால் அது பக்க இணைப்பு ஆகும். பின்னது இலங்கை வழக்கில் சமாந்தர இணைப்பு எனப்படுகிறது.

தொடர் இணைப்பு

இதில் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவு மின்னோட்டம் பாய்கிறது, மின்னழுத்தம் பங்கிடப்படுகிறது. மொத்தத் தடை, தனித்தடைகளின் கூட்டுத்தொகை ஆகும்:

த = த1 + த2

230 வோல்ட்டுக்கான 40 வாட், 100 வாட் இழை விளக்குகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 40 வாட் விளக்கே கூடுதலாக ஒளிரும். அதன் தடை மிகுதி என்பதால் மின்னழுத்தத்தின் பெரும்பங்கை அதுவே பெறுகிறது. திருவிழாக்களில் கட்டப்படும் பழைய வகைச் சீரியல் விளக்குகளும் இம்முறையில் அமைந்தவையே. ஒரு விளக்கு பழுதானால் அந்தச் சரம் முழுவதும் அணைந்துவிடும்.

பக்க இணைப்பு

இங்கு மின்னழுத்தம் எல்லாவற்றுக்கும் சமம், மின்னோட்டம் பிரிகிறது.

1/த = 1/த1 + 1/த2

வீட்டு விளக்குகளும் கருவிகளும் இவ்வாறே இணைக்கப்படுகின்றன. எனவே ஒன்றை அணைத்தாலும் மற்றவை இயங்கும். ஆனால் கருவிகள் கூடக்கூட மொத்தத் தடை குறைந்து, பொதுக்கம்பியில் மின்னோட்டம் பெருகுகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 4.3 ஆம்பியரும், 1500 வாட் நீர்ச்சூடேற்றி 6.5 ஆம்பியரும் எடுக்கும். இரண்டையும் 6 ஆம்பியர் நீட்டிப்புப் பெட்டி ஒன்றில் செருகினால் அதன் கம்பியில் ஏறத்தாழ 11 ஆம்பியர் பாயும். கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும்.

இதைத் தடுக்கும் உருகி, வீட்டுச் சுற்றில் தொடராக இருந்தாக வேண்டும். அது அறுந்தால்தான் முழுச் சுற்றும் நிற்கும். உருகி அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டும் வழக்கம் மிகத் தீங்கானது. அப்போது சுவருக்குள் இருக்கும் கம்பியே உருகியாகிவிடுகிறது. சுவிட்சும் தொடர் உறுப்பே. மின்பணியாளர் பேஸ் என்றும் நியூட்ரல் என்றும் கூறும் இரு கம்பிகளுள் பேசில்தான் அதனை அமைக்க வேண்டும். நியூட்ரலில் அமைத்தால் விளக்கு அணைந்த பின்னும் அதன் தாங்கியில் மின்னழுத்தம் இருக்கும். தொட்டால் உயிருக்கு ஆபத்து.

மின் நிலையங்களில்

மின்சாரத்தைப் பயன்படுத்தும் கருவிகள் மட்டுமல்லாது, அதனை உண்டாக்கும் மின்னாக்கிகளும் பக்க இணைப்பிலேயே இயங்குகின்றன. திருவள்ளூர் மாவட்டம் அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் தலா 210 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் 1994-1996 ஆண்டுகளில் செயற்பாட்டுக்கு வந்தன. இரண்டாம் கட்டத்தின் தலா 600 மெகாவாட் அலகுகள் இரண்டு 2013-2014 ஆண்டுகளில் சேர்ந்தன. இவை மின்மாற்றிகள் வழியாக ஒரே மின்கட்டமைப்புடன் இணைகின்றன. ஓர் அலகின் உள்ளமைப்போ தொடரைப் போன்றது: கொதிகலன், சுழலி, மின்னாக்கி ஆகியவற்றுள் எது நின்றாலும் அந்த அலகு நின்றுவிடும். மற்ற அலகுகள் தொடர்ந்து இயங்கும்.

மாறுமின்னோட்ட மின்னாக்கியை நினைத்தவுடன் இவ்வாறு இணைத்துவிட முடியாது. அதன் மின்னழுத்தம், அதிர்வெண், கட்டக்கோணம், கட்ட வரிசை ஆகியவை கட்டமைப்புடன் பொருந்திய பின்னரே இணைப்பு மூடப்படும். இல்லையேல் பெருமின்னோட்டம் பாய்ந்து இயந்திரம் சேதமடையும். தென்னிந்திய மின்கட்டமைப்பு முழுவதுமே 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாக நாட்டின் ஏனைய கட்டமைப்புடன் இவ்வாறு ஒத்தியங்கும்படி இணைக்கப்பட்டது.