பட்டிக்கு ஒரே கிடா போதுமா? கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கு

வெள்ளாடு வளர்ப்போரில் பலர் பட்டியில் பிறந்த கிடாக் குட்டியையே வளர்த்துப் பொலிக்கு விட்டுவிடுகின்றனர். அது தாயுடனும், உடன்பிறந்த பெட்டைகளுடனும் சேர்கிறது. இதனால் நாளடைவில் குட்டிகளின் எடை குறையும், சாவு கூடும், பெட்டைகள் சினை பிடிப்பதும் தாமதமாகும்.

இந்த நஷ்டம் சேர்ந்து வரும் விதத்தைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பார்க்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோ ஃபெல்சன்ஸ்டைன் உருவாக்கிய 'பாப்-ஜி' என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு. இவற்றில் எது குட்டிக்குப் போகும் என்பது நாணயம் சுண்டுவது போன்றது. அந்தச் சுண்டலைப் பல நூறு தலைமுறைகளுக்குக் கம்ப்யூட்டர் நொடியில் செய்து, வரைபடமாகக் காட்டும்.

இரு வகை மரபணுக்கள் சம அளவில் உள்ள 10 உருப்படிகளில் தொடங்கினால், 50 தலைமுறைக்குள் பெரும்பாலும் ஒரு வகை அடியோடு மறைந்துவிடும். மறைவது நல்ல குணமாகவும் இருக்கலாம். 500 உருப்படிகள் இருந்தால் இரண்டு வகையும் நிலைத்து நிற்கும்.

ஆனால் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. கிடா, பெட்டை எண்ணிக்கையைப் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்கி, மொத்த உருப்படிகளால் வகுக்க வேண்டும். இது மரபியல் அறிஞர் சீவால் ரைட் வகுத்த கணக்கு. ஒரு கிடா, 20 பெட்டை உள்ள பட்டி நான்கு உருப்படிக்கே சமம். உறவுக் கலப்பு தலைமுறைக்குச் சுமார் 13 சதவீதம் ஏறும். பெட்டைகளை 40 ஆக்கினாலும் இந்த நான்கு கூடாது. இன்னொரு கிடா சேர்த்தால் 13 சதவீதம் ஏழாகக் குறையும்.

இரண்டு கிடாக்களுக்குத் தீவனம் போட இயலாதவர்கள் என்ன செய்யலாம்?

1. கிடாவை அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் மாற்ற வேண்டும்.

2. பாகூர்க்காரர் வில்லியனூர்க்காரருடன் கிடாவை மாற்றிக்கொள்ளலாம். செலவு வண்டி வாடகைதான். உறவில்லாத கிடாவாக இருப்பது முக்கியம்.

3. ஆண் குட்டிகளை மூன்று மாதத்தில் பிரித்துவிட வேண்டும்.

4. காதில் எண் இட்டு, தாய் தந்தை விவரத்தை நோட்டில் எழுதி வர வேண்டும்.

5. புதிய கிடாவை மூன்று வாரம் தனியே கட்டி, நோய் இல்லை எனத் தெரிந்த பின்னரே பட்டியில் சேர்க்க வேண்டும்.

குட்டிகள் நலிவதற்குக் குடற்புழுவும் காரணமாகலாம். ஆகவே அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ, குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையத்தையோ கலந்துகொள்வது நல்லது.