மே மாத வானில் துருவனும் திரிசங்குவும்

கல்யாண மண்டபத்தின் வாசலுக்கு மணமக்களை அழைத்து வந்து, ஆகாயத்தைச் சுட்டிக்காட்டி, "அருந்ததியைப் பார்த்தாயிற்றா?" என்று கேட்பார் புரோகிதர். பட்டப்பகலில் எந்த நட்சத்திரம் தெரியும்? மணமகளும் தலையை அசைத்து வைப்பாள். அன்று பார்க்காமல் விட்ட அருந்ததியை நிஜமாகவே பார்க்க ஏற்ற மாதம் மே. டெலஸ்கோப் வேண்டியதில்லை. மாலை மழை பெய்து ஓய்ந்து, தூசி அடங்கிய இரவும் ஒரு மொட்டை மாடியும் போதும். அமாவாசையை ஒட்டிய நாட்களாக இருந்தால் இன்னும் நல்லது.

வடக்கே ஏழு ரிஷிகள்

மே மாத நடுவில் இரவு ஒன்பது மணி சுமாருக்கு வடக்கு நோக்கி நின்றால், வானில் பாதி உயரத்தில் சப்தரிஷி மண்டலம் தென்படும். நான்கு நட்சத்திரங்கள் சதுரம் போலவும், மூன்று நட்சத்திரங்கள் வளைந்த வால் போலவும் இருக்கும். வால் நுனியிலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரியும் சிறு புள்ளிதான் அருந்ததி.

சதுரத்தில் வாலுக்கு எதிர்ப்புறம் உள்ள இரண்டு நட்சத்திரங்களையும் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டைக் கீழ்நோக்கி ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் கிடைக்கும். ஓர் ஊர் எத்தனை டிகிரி வட அட்சரேகையில் உள்ளதோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே துருவன் தெரியும். பெங்களூரில் அது 13 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே தேட வேண்டும்.

உச்சியில் சுவாதி, சித்திரை

சப்தரிஷியின் வால் வளைந்த போக்கிலேயே பார்வையைச் செலுத்தினால், உச்சிக்குச் சற்றுக் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் சுவாதி ஒளிரும். அதே வளைவில் மேலும் சென்றால் வெண்ணீல நிறச் சித்திரை. பௌர்ணமிச் சந்திரன் இதன் அருகே வருவதால்தான் சித்திரை மாதத்திற்கு அந்தப் பெயர். இன்றிரவு நாம் காணும் சுவாதியின் ஒளி, அங்கிருந்து 37 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. சித்திரையின் ஒளியோ சுமார் 250 ஆண்டுகளுக்கு முன், ஹைதர் அலி மைசூரை ஆண்ட காலத்தில் கிளம்பியது.

தெற்கே திரிசங்கு

இப்போது அப்படியே திரும்பித் தெற்கே பார்க்க வேண்டும். அடிவானத்துக்கு ஒன்றரை முஷ்டி உயரத்தில் நான்கு நட்சத்திரங்கள் சிலுவை போல நேராக நிற்கும். விசுவாமித்திரர் அந்தரத்தில் நிறுத்திய திரிசங்கு இதுவே என்பார்கள். இதற்கு இடப்புறம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் உண்டு. அவற்றில் இடக்கோடியில் இருப்பது 4.3 ஒளியாண்டு தூரத்தில் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது.

டில்லியில் திரிசங்குவின் அடி நட்சத்திரம் உதிப்பதே இல்லை. ஆஸ்திரேலியாவில் திரிசங்கு உயரத்தில் நிற்கும், ஆனால் அங்கே துருவன் கிடையாது. பெங்களூர்வாசிகளுக்கோ ஒரே மாடியிலிருந்து, ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டும் காட்சி தரும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் அமைந்ததற்கு, இரு திசை வானத்தையும் ஆராயலாம் என்பதும் ஒரு காரணம். 2.34 மீட்டர் டெலஸ்கோப் ஒன்று அங்கே 1986 முதல் இயங்கி வருகிறது.

ஆனால் இரண்டும் அடிவானத்தை ஒட்டி நிற்பவை. உயர்ந்த கட்டடங்களும் தெரு விளக்குகளும் முதலில் மறைப்பது இவற்றைத்தான். இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைகள் பலர் இரண்டில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கும் மே மாதத்திலேயே வழியுண்டு. பள்ளி விடுமுறைக்குப் பல குடும்பங்கள் சொந்த ஊருக்குச் செல்லும் காலம் இது. தெற்கே போகப் போகத் திரிசங்கு உயரும். கன்னியாகுமரியில் இங்கிருப்பதைவிட ஐந்து டிகிரி மேலே நிற்கும். இருட்டான களத்துமேட்டில் பாய் விரித்து, குழந்தைகளுக்குத் திரிசங்குவையும் துருவனையும் காட்டலாம். அப்படியே பெற்றோரும் அந்தப் பழைய கேள்விக்கு, "பார்த்தாயிற்று" என்று உண்மையாகவே பதில் சொல்லலாம்.