கம்ப்யூட்டர் கணக்கு: நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு!

சிட்டையும் பேரேடும் எழுதி வந்த நம்மில் பலர் இன்று கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கிறோம். கூட்டல் கழித்தலில் அது பிசகாது. ஆனால் அதிலுள்ள மென்பொருள், அதை எழுதியவர்களின் நாட்டு வழக்கத்தோடுதான் நம் கடைக்குள் வருகிறது. இதை அறியாவிட்டால் நஷ்டம் நமக்கே.

முதலில் தேதி. 05/04 என்றால் நமக்கு ஏப்ரல் 5. மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கர்களுக்கு அது மே 4. அமெரிக்க முறையில் அமைந்த எக்செல்லில் நம் வழக்கப்படி தவணைத் தேதிகளைப் பதிந்தால், 12ஆம் தேதி வரை உள்ளவற்றில் நாளும் மாதமும் இடம் மாறிவிடும். 13 முதல் உள்ளவற்றைத் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எச்சரிக்கையும் வராது. ஏப்ரல் 5ல் வசூலிக்க வேண்டிய பாக்கி, மே 4 வரை நிலுவைப் பட்டியலில் எட்டிப் பார்க்காது!

அடுத்து எண். ஒரு லட்சத்தை நாம் 1,00,000 என எழுதுகிறோம். அமெரிக்கர்கள் 100,000 என எழுதுவார்கள். ஜெர்மனியில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. நம் கம்ப்யூட்டருக்கோ அது ஒன்றேகால்!

நம் வழக்கத்துக்கேற்ற மென்பொருள் நம் நாட்டிலேயே பிறந்ததும் உண்டு. தொழில் நடத்தி வந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல், மகன் பாரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986ல் பெங்களூரில் தொடங்கிய அம்முயற்சியே பின்னர் டேலி ஆயிற்று. அந்நாளைய மென்பொருள்கள் ஒவ்வொரு கணக்குக்கும் குறியீட்டு எண் கேட்டன. டேலியோ பேரேட்டில் எழுதுவதுபோல் பெயரையே எழுத விட்டது. கணக்குப்பிள்ளை எண்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தொல்லை ஒழிந்தது.

ஆகவே, மென்பொருள் வாங்குமுன் மூன்றைக் கேட்போம்: தேதியில் நாள் முன்னால் வருமா? லட்சம், கோடி முறையில் கமா விழுமா? கணக்காண்டு ஏப்ரல் 1ல் தொடங்குமா?

ஏற்கெனவே எக்செல் வைத்திருப்போர், விண்டோஸில் நாட்டு அமைப்பு இந்தியா என்று உள்ளதா என இன்றே பார்க்க வேண்டும். பிறகு மாற்றினாலும், முன்பு தவறாகப் பதிந்த தேதிகள் தாமாகத் திருந்தா. பழைய தவணைகளைப் பில்லோடு ஒத்துப் பார்ப்பதே வழி. பில்லில் மாதத்தை எழுத்தில் போட்டால் எந்த நாட்டாருக்கும் குழப்பம் வராது.