கை நழுவும் பட்டியலைப் பிடித்து வைப்போம்

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திற்கு ஒரு மேசைக் கணனி உண்டு. சங்கத்தின் சுழற்சிக் கடன் கணக்கு அதிலேயே இருக்கிறது. கணக்கை எழுதிவந்த யுவதி திருமணமாகி வவுனியாவுக்குப் போய்விட்டார். அடுத்த கூட்டத்திற்குக் கணக்குத் தாளை அச்சிட்டு எடுக்க எவராலும் முடியவில்லை. தாள் இல்லாமல் கூட்டத்தில் கடன் அங்கீகரிக்கப்படுவதில்லை. காலபோகத்திற்குக் கச்சான் விதை வாங்க இரண்டு பெண்கள் கடன் கேட்டிருந்தார்கள். இருவரும் தனித்து நின்று குடும்பத்தைச் சுமப்பவர்கள். மழை தொடங்கிய பின்னும் அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

"கணனியும் இருக்குது, கணக்கும் இருக்குது. எங்க அமத்திறது எண்டுதான் தெரியேல்லை மிஸ்" என்றார் புதிய பொருளாளர். 2009இல் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர் அவர். படிப்பு எட்டாம் வகுப்புடன் நின்றுவிட்டது. கணனியில் வரும் பட்டியல்களோ எல்லாம் ஆங்கிலம்.

நான் பக்கத்தில் இருந்து காட்டினால் செய்துவிடுவார். மறுநாள் மறந்துவிடும். எனவே படங்களைக் கொண்ட ஒரு கொப்பி தயாரிப்போம் என்று முடிவெடுத்தோம். எந்த இடத்தில் அழுத்தும்போது எந்தப் பட்டியல் விரியும், அதில் எத்தனையாவது வரியைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதைப் படத்தில் பார்த்தால் ஆங்கிலம் வாசிக்காமலே வேலையைச் செய்யலாம் அல்லவா?

அங்கேதான் ஒரு சிக்கல். "படம் எடுக்க வெளிக்கிட்டா அது ஒளிச்சுப் போயிடுது மிஸ்" என்று சிரித்தார் அவர்.

ஏன் ஒளித்துக்கொள்கிறது?

விரிந்த பட்டியல் தற்காலிகமானது. வேறோர் இடத்தில் மவுஸை அழுத்தினாலோ, வேறொரு செயலியைத் திறந்தாலோ தன்பாட்டில் மூடிக்கொள்ளும் விதமாகவே அதை அமைத்திருக்கிறார்கள். படம் எடுக்கும் செயலியைத் தேடிப் போகும்போது பட்டியல் மறைவது இதனால்தான். பட்டியல் விரிந்திருக்கும்போது மவுஸைத் தொடாமல் படம் எடுக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, விசைப்பலகையில் உள்ள 'பிரின்ட் ஸ்கிறீன்' விசை. மேல் வரிசையில் எஃப் 12 விசைக்கு வலப்பக்கத்தில் இருக்கும். பட்டியலை மவுஸினால் விரித்து வைத்துக்கொண்டு இந்த விசையை மட்டும் ஒருமுறை அழுத்துங்கள். எதுவும் நடக்காதது போலத் தோன்றும். ஆனால் முழுத் திரையும் படமாகிவிடும். பின்னர் 'பெயின்ற்' செயலியைத் திறந்து, கொன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி வி எழுத்தை அழுத்தினால் படம் வந்துவிடும். வழமையாகக் கணனி கடைசியாக எடுத்த படத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். அடுத்ததை எடுப்பதற்கு முன் இதைச் சேமித்துவிடுங்கள். புதிய வின்டோஸ் 11 கணனிகளில் இந்த விசையை அழுத்தும்போது திரை மங்கும். அப்போது வேண்டிய பகுதியை மவுஸினால் இழுத்துத் தெரிவுசெய்யலாம்.

ஓல்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சாளரம் மட்டும் படமாகும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். அது உண்மைதான். ஆனால் ஓல்ட் விசை பட்டியலையே மூடிவிடக்கூடும். பட்டியலுக்கு அந்த வழி வேண்டாம்.

இரண்டாவது, 'ஸ்னிப்பிங் ரூல்' செயலியில் உள்ள தாமதம். வின்டோஸ் 10இல் ஒன்று முதல் ஐந்து செக்கன்கள் வரையும், வின்டோஸ் 11இல் 3, 5 அல்லது 10 செக்கன்களும் தெரிவுசெய்யலாம். தாமதத்தைத் தெரிவுசெய்து 'நியூ' என்பதை அழுத்துங்கள். அந்த இடைவெளியில் பட்டியலை விரித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நேரம் முடிந்ததும் திரை அப்படியே உறைந்து நிற்கும். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். எங்கள் பொருளாளருக்குப் பிடித்த வழி இதுதான்.

மூன்றாவது, பழைய வின்டோஸ் 7 கணனி வைத்திருப்பவர்களுக்கானது. அதில் தாமதம் இல்லை. ஸ்னிப்பிங் ரூலைத் திறந்து, எஸ்கேப் விசையை அழுத்தி, பிறகு பட்டியலை விரித்து, கொன்ட்ரோலுடன் பிரின்ட் ஸ்கிறீனை அழுத்த வேண்டும்.

"போனில படம் எடுத்தா என்ன?" என்று கேட்பீர்கள். அவசரத்திற்கு எடுக்கலாம், பட்டியலும் மூடாது. ஆனால் திரையின் வெளிச்சமும் கோடுகளும் விழுவதால் அச்சில் எழுத்துகள் தெளிவாகத் தெரிவதில்லை.

கொப்பியில் ஒட்டுவதற்கு முன்

கணக்குத் தாளைத் திறந்து வைத்துப் படம் எடுத்தால், பட்டியலின் பின்னால் கடன் பெற்றவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், செலுத்தாத நிலுவை எல்லாமே பதிவாகிவிடும். கொப்பி பல கைகளுக்குப் போகும். ஒரு சகோதரியின் கடன் ஊர்ப்பேச்சாவதற்கு நாம் காரணமாக இருக்கக்கூடாது. ஆகவே 'உறுப்பினர் 1', 'உறுப்பினர் 2' என்று எழுதிய மாதிரித் தாளில் பயிற்சி எடுத்து, அதையே படம் பிடியுங்கள். ஏற்கனவே எடுத்த படமென்றால் பெயின்ற் செயலியில் அந்தப் பகுதியை வெட்டி நீக்கிச் சேமியுங்கள். வேர்ட் கோப்பில் படத்தின் மேல் கறுப்புக் கட்டம் வைப்பது போதாது. கோப்பைப் பெறுபவர் அதை நகர்த்திப் பார்த்துவிடலாம்.

பொதுக் கணனி என்றால் வேலை முடிந்ததும் படங்களை அழித்துவிடுங்கள். வின்டோஸ் விசையுடன் பிரின்ட் ஸ்கிறீனை அழுத்தினால் 'பிக்சர்ஸ்' கோப்புறைக்குள் ஒரு பிரதி தானாகவே சேமிக்கப்படும். அங்கேயும் பாருங்கள்.

மவுஸின் அம்புக்குறி பெரும்பாலும் படத்தில் வராது. எனவே அச்சிட்ட பின் அழுத்த வேண்டிய வரியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, 1, 2, 3 என்று இலக்கமிட்டு, பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்.

எங்கள் கொப்பியில் நான்கு படங்கள். கணக்குப் பகுதியைத் தெரிவுசெய்தல், 'பேஜ் லேஅவுட்', அதற்குள் 'பிரின்ட் ஏரியா', விரியும் பட்டியலில் முதல் வரியான 'செட் பிரின்ட் ஏரியா'. முன்பு எட்டுத் தாள்களில் சிதறி வந்த கணக்கு இப்போது ஒரே தாளில் வந்தது. அச்சிட்டவர் பொருளாளர். நான் அன்று அங்கே இருக்கவில்லை.

இரண்டு கடன்களும் அங்கீகரிக்கப்பட்டன. ஒருவர் விதைத்துவிட்டார். தாழ்வான காணி உள்ள மற்றவருக்கு வெள்ளம் நின்றுவிட்டது. அவர் சிறுபோகம் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்த வேலை இன்னொரு பெண்ணின் ஒரு போகத்தை எடுத்துக்கொண்டது.

சகோதரிகளே, உங்கள் சங்கத்தில், முன்பள்ளியில், தையல் நிலையத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கணனி வேலை எது? அவர் இருக்கும்போதே அவருடன் உட்கார்ந்து, பட்டியல்களை ஒவ்வொன்றாக விரித்துப் படம் எடுத்து வையுங்கள். ஒரு பின்னேரம் போதும்.