கையில் 2½ லட்சம். கண்ணோ ‘வீ-டெக்’ மேலே! பழைய ஜப்பான் கார் வாங்க அலையும் வாலிபர்கள்

வில்லிவாக்கத்தைச் சேர்ந்த அந்த வாலிபருக்கு வயது 26. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. மூன்று வருடம் சீட்டுக் கட்டி, தீபாவளி போனசையும் தொடாமல் சேர்த்த பணம் 2½ லட்ச ரூபாய் கையில் இருக்கிறது. அடுத்த வருடம் தங்கைக்குக் கல்யாணம்.

“அதுக்கு வைடா அந்தப் பணத்தை” என்கிறார் அம்மா.

“கல்யாணத்துக்கு லோன் போட்டுக்கலாம்மா. இந்த வண்டி இனிமே கிடைக்காது!” என்கிறார் மகன்.

“இந்த வண்டி” என்பது ஹோண்டா சிட்டி ‘வீ-டெக்’. 20 வருடத்துக்கு மேல் பழசு. ஆனாலும் சென்னை வாலிபர்கள் மத்தியில் அதற்கு இருக்கும் மவுசு குறையவில்லை.

அப்படி என்ன விசேஷம்?

இந்தியாவில் ஹோண்டா சிட்டி 1998-ல் வந்தது. ‘வீ-டெக்’ ரகம் 2000-ல் வந்து, 2003-ல் புது மாடல் வந்ததும் போய்விட்டது. ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின். 106 குதிரை சக்தி. வண்டியின் எடையோ சுமார் ஒரு டன்தான்.

அதற்குப் பின் வந்த புது சிட்டிக்கு 77 குதிரை சக்திதான்! மைலேஜ் கூடியது, வேகம் போயிற்று. பழசுக்கு மதிப்பு ஏறியதன் ரகசியம் இதுதான்.

என்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடுவது ‘கேம்’ என்ற தண்டு. சாதாரண வண்டியில் அது எப்போதும் ஒரே அளவில் திறக்கும். ‘வீ-டெக்’கில், மெதுவாகப் போகும்போது ஓர் அளவு, ஆக்சிலேட்டரை அழுத்தி என்ஜின் வேகமாகச் சுழலும்போது வேறு அளவு. அந்த நேரத்தில் சத்தமே மாறும். அந்தச் சத்தத்துக்குத்தான் இத்தனை பேர் அலைகிறார்கள்!

ஜப்பானிலிருந்தே பழைய ரேஸ் கார்களை இறக்கினால் என்ன என்று கேட்கலாம். முடியாது. 3 வருடத்துக்கு மேல் பழசான கார் இங்கே இறங்கக் கூடாது என்பது சட்டம். அதற்குள் வருவதற்கும் வரி தலைக்கு மேல். சினிமாவிலும் வீடியோ விளையாட்டிலும் பார்க்கிற வண்டிகளை மறந்துவிட வேண்டியதுதான்.

திருவள்ளூர் கார்

இங்கேயே தயாரான ஜப்பான் கார்கள்தான் கதி. அதில் நம்மூர்க்காரன் ஒருவன் உண்டு. மிட்சுபிஷி ‘லான்சர்’. 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி திருவள்ளூர் ஆலையில் தயாரித்தது. 2006-ல் அதன் தம்பியாக 2 லிட்டர் ‘சீடியா’ வந்தது. 115 குதிரை சக்தி. நெடுஞ்சாலையில் பேஷான வண்டி.

ஆனால் மிட்சுபிஷி அங்கிருந்து போய் வருடங்கள் ஆகிவிட்டன. அந்த ஆலையில் இப்போது பிரெஞ்சு நாட்டு ‘சிட்ரான்’ கார் தயாராகிறது. லான்சரும் சீடியாவும் சல்லிசாகக் கிடைக்கக் காரணம் இதுதான். உதிரி பாகத்துக்கு ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் நடையாய் நடக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் தூங்கும். ஒரே வண்டிதான் என்கிற குடும்பத்துக்கு இது சரிப்படாது.

1999-ல் வந்த பழைய மாருதி ‘பலேனோ’வும் உண்டு. 1.6 லிட்டர், 94 குதிரை சக்தி. இப்போது ரோட்டில் ஓடும் பலேனோ வேறு, பெயர்தான் ஒன்று. சத்தமில்லாத கெட்டிக்கார வண்டி. வாலிபர்கள் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை.

சீட் பெல்ட் சொன்ன சேதி

வில்லிவாக்கம் வாலிபர் முதலில் பார்த்தது அண்ணா நகரில் நின்ற சிவப்பு ‘வீ-டெக்’. பெயின்ட் பளபள. பெரிய சைலன்சர். “60 ஆயிரம் கிலோ மீட்டர்தான் சார் ஓடியிருக்கு. டாக்டர் வண்டி. சும்மா பறக்கும்!” என்று அளந்தார் தரகர். விலை 2 லட்சத்து 40 ஆயிரம்.

வாலிபர் பாக்கெட்டில் கை வைத்துவிட்டார். நல்ல வேளை, தெருமுனை மெக்கானிக்கை உடன் அழைத்துப் போயிருந்தார்.

மெக்கானிக் என்ஜினைத் திறக்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் கறை! தரை விரிப்பைத் தூக்கினார். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு.

“தம்பி, இது தண்ணியில மூழ்கின வண்டி” என்றார் காதோடு.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் ‘மிக்ஜாம்’ புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பது ஊருக்கே தெரியும். கழுவித் துடைத்து சென்ட் அடித்தால் வெளியே தெரியாது. ஒயர்களுக்குள் புகுந்த ஈரம் மட்டும் போகாது.

60 ஆயிரம் கிலோ மீட்டர் கதையும் பொய்யே. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருந்தது. மீட்டரைத் திருப்பிவிடலாம். மிதியை யார் கவனிக்கிறார்கள்?

“இன்னொரு நாள் பார்க்கலாம்ணே” என்று தரகரிடம் சொல்லிவிட்டு இருவரும் டீக்கடைக்கு வந்தார்கள். அங்கேதான் மெக்கானிக் பாடம் நடத்தினார்.

சொல்லாமல் போக வேண்டும்

“வர்றேன்னு போன் பண்ணிட்டுப் போகாதீங்க தம்பி. போனீங்கன்னா என்ஜினைச் சூடு பண்ணி வெச்சிருப்பாங்க. பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கணும்.”

பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும் என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் நோய் தெரியும். நீலப் புகை வந்தால் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் காலி. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி படிந்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இந்த என்ஜினுக்கு உயிர்நாடி ‘டைமிங் பெல்ட்’. ரப்பர். ஓடினாலும் கெடும், ஓடாமல் நின்றாலும் கெடும். ஓட்டும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

என்ஜினைக் கூடச் சரி செய்துவிடலாம். உடம்பு துருப்பிடித்தால் வைத்தியமே இல்லை என்பது மெக்கானிக்கின் கட்சி. பளபள பெயின்டைவிட, மங்கிய பழைய பெயின்ட் மேல் என்கிறார். அடியில் மறைக்க ஒன்றுமில்லையே!

106 குதிரையை ஓட்டிப் பார்க்கும் ஆசையில் பிரேக்கை மறப்பவர்கள் அதிகம். அழுத்திப் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்காமல் நேரே நிற்க வேண்டும். டயரில் தயாரித்த வாரம், வருடம் நான்கு இலக்கத்தில் இருக்கும். ஏழெட்டு வருட டயர் என்றால் நான்கும் புதிது வாங்கும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆர்.சி. வில்லங்கம்

விற்பவர் ஒருவர், ஆர்.சி.யில் பெயர் வேறொருவர். பழைய காரில் இது சர்வ சாதாரணம். பெயர் மாற்றாமலே மூன்று கை மாறியிருக்கும். பழைய அபராதங்கள், பாங்கு கடன், விபத்து வழக்கு எல்லாம் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். அரசின் ‘பரிவாகன்’ தளத்தில் நம்பரைத் தட்டினால் பாதி வில்லங்கம் தெரிந்துவிடும்.

கடன் இருந்து அடைத்திருந்தால் 35-ம் நம்பர் பாரம் வேண்டும். பெயர் மாற்ற 29, 30 பாரங்கள். வெளி மாநில வண்டி என்றால் 28-ம் நம்பர் தடையில்லாச் சான்று. அதோடு இங்கே வரி தனி. டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது முதல், அங்கத்திய கார் சல்லிசு என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. உஷார்!

‘வீ-டெக்’ எல்லாமே 20 வருடம் தாண்டியவை. 15 வருடம் முடிந்தபின் 5 வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ரூபாயாக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. புதுப்பித்துவிட்டார்களா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்தால் அந்தச் செலவு வாங்குகிறவர் தலையில்.

சைலன்சரை மாற்றி, என்ஜினை மாற்றி வைத்திருக்கும் வண்டி இன்னும் மோசம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்.சி.க்குப் போனால் நிறுத்திவிடுவார்கள். சோழவரத்து ஓடுதளத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்த ஊர்தான் சென்னை. அதற்காக ஈ.சி.ஆர். ரோடு சோழவரம் ஆகிவிடாது.

80 ஆயிரம் எங்கே?

“கையில 2½ இருக்குன்னா 1.70-க்கு மேல வண்டி பார்க்கக் கூடாது தம்பி” என்றார் மெக்கானிக். மீதி 80 ஆயிரம் வாங்கிய மறுவாரமே வேண்டும். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச், டயர், சஸ்பென்ஷன் புஷ். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. அதையும் மாற்றுவது நல்லது.

இரண்டாவது வண்டி பெரம்பூரில் கிடைத்தது. ரெயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருடையது. வெளுத்துப் போன வெள்ளி நிறம். பம்பரில் கீறல். ஆனால் ஒரே சொந்தக்காரர். ஒவ்வொரு பில்லும் பைலில் கோத்து வைத்திருக்கிறார். டைமிங் பெல்ட் மாற்றி இரண்டு வருடம்தான். சீட் பெல்ட் கடைசி வரை சுத்தம்.

வியாசர்பாடி பாலம் வரை ஓட்டிப் பார்த்து வந்த வாலிபர் இறங்கவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். சத்தம் மாறியதாம்!

“ரேஸ் ஓட்டவா வாங்கறீங்க தம்பி?” என்று கேட்டார் பெரியவர்.

“இல்லீங்க ஐயா...” என்று இழுத்தார் வாலிபர். மெக்கானிக் வேறு பக்கம் பார்த்தார்.

பெரியவர் கேட்பது 1 லட்சத்து 90 ஆயிரம். வாலிபர் 1 லட்சத்து 65 ஆயிரத்தில் நிற்கிறார். பேச்சு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர். வரும்போது அம்மாவையும் அழைத்து வர வேண்டுமாம்.