மிஷலின் நட்சத்திரம் எதை அளக்கிறது? எதை அளப்பதில்லை?

விடுமுறை முடிந்து நண்பர்கள் ஊர் திரும்பியதும் படங்கள் வரும். கூடவே விவாதமும் வரும். வெளிநாட்டில் 2 நட்சத்திர உணவகத்துக்குப் போனவர், "இந்த மாதிரி வாழ்க்கையில சாப்பிட்டதே இல்ல" என்பார். அதே உணவகத்துக்குப் போன இன்னொருவர், "பத்துத் தட்டு வந்துச்சு, பசி மட்டும் போகல. ரூமுக்கு வந்து கப் நூடல்ஸ் போட்டுக்கிட்டேன்" என்பார்.

இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் சமையலைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றிப் பேசுகிறார். நட்சத்திரம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் அளக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு இப்படி ஒரு வேளைச் சாப்பாடு என்பது மாதச் சேமிப்பில் பெரும்பங்கு. அதனால் முன்பதிவு செய்வதற்கு முன் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்கு மதிப்பெண் போட டயர் நிறுவனம் எதற்கு?

பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் டயர் தயாரித்துவந்த ஆந்த்ரே, எதுவார் மிஷலின் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டில் வாகனமோட்டிகளுக்கான கையேடு ஒன்றை இலவசமாக வெளியிட்டனர். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே டயர் மாற்றலாம், எங்கே தங்கலாம் என்ற தகவல்கள் அதில் இருந்தன. மக்கள் அதிக தூரம் கார் ஓட்டினால் டயர் தேயும், புது டயர் விற்கும். கணக்கு அவ்வளவுதான்.

உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் 1926இல் தொடங்கியது. 1931இல் அது 1, 2, 3 என்று விரிந்தது. அந்த மூன்று படிகளின் பொருளிலும் கார்ப் பயணத்தின் வாசனை இன்றுவரை இருக்கிறது:

1 நட்சத்திரம்: போகும் வழியில் இருந்தால் நின்று சாப்பிடலாம்.
2 நட்சத்திரம்: வழியை மாற்றிக்கொண்டு போனாலும் தகும்.
3 நட்சத்திரம்: அந்த உணவகத்துக்காகவே ஒரு பயணம் போகலாம்.

எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?

மிஷலின் சோதனையாளர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ளமாட்டார்கள். சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வந்து, சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு கூட்டாக முடிவெடுப்பார்கள். அவர்கள் பார்ப்பது 5 அம்சங்கள்:

- உணவுப்பொருள்களின் தரம்
- சுவைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேருகின்றன
- சமையல் நுட்பத்தில் உள்ள தேர்ச்சி
- உணவில் வெளிப்படும் சமையல் கலைஞரின் தனித்தன்மை
- எல்லா உணவு வகைகளிலும், எப்போது போனாலும் ஒரே தரம்

ஐந்துமே சாப்பாட்டைப் பற்றியவை. பரிமாறுபவர் சிரித்த முகமா, நாற்காலி வசதியா, வயிறு நிறைந்ததா, விலை நியாயமா என்ற கேள்விகளுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. உணவகத்தின் வசதியைக் குறிக்க அச்சிட்ட கையேடுகளில் முள்கரண்டியும் கரண்டியும் சேர்ந்த தனிச் சின்னம் ஒன்று நெடுங்காலமாக இருந்துவந்தது. நட்சத்திரம் வேறு, அது வேறு.

இன்னொன்று. நட்சத்திரம் உணவகத்துக்குத்தான், சமையல் கலைஞருக்கு இல்லை. ஆண்டுதோறும் அது மறுபரிசீலனை செய்யப்படும். 2016இல் சிங்கப்பூரின் முதல் மிஷலின் பட்டியல் வந்தபோது 3 நட்சத்திரம் பெற்ற ஒரே உணவகம் செந்தோசாவில் இருந்த ஜோயெல் ரொபுஷோன். ஈராண்டுகளில், 2018இல், அது மூடப்பட்டது. நீங்கள் படிக்கும் பாராட்டு எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்ப்பது அதனால் முக்கியம்.

வெள்ளை மேசைவிரிப்பு இருந்தால்தான் நட்சத்திரமா?

இல்லை. அதற்குச் சாட்சி சிங்கப்பூர்தான். 2016இன் அதே முதல் பட்டியலில் 2 உணவங்காடிக் கடைகளும் தலா 1 நட்சத்திரம் பெற்றன. ஒன்று, சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சான் ஹொன் மெங் நடத்திய சோயா சாஸ் கோழிச் சோற்றுக் கடை. மற்றொன்று, கிராஃபர்ட் லேனில் உள்ள ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா பன்றியிறைச்சி நூடல்ஸ் கடை. அப்போது சானின் கடையில் ஒரு தட்டு கோழிச் சோறு ஏறக்குறைய 2 வெள்ளி. உலகிலேயே ஆக மலிவான மிஷலின் நட்சத்திரச் சாப்பாடு என்று பெயர் வாங்கியது. வரிசை மணிக்கணக்கில் நீண்டது. 2021இல் சான் அந்த நட்சத்திரத்தை இழந்தார்.

விலையையும் சேர்த்துப் பார்க்கும் அங்கீகாரம் ஒன்றும் மிஷலினிடம் உண்டு. பெயர் 'பிப் குர்மாண்ட்'. குறைந்த செலவில் நல்ல உணவு தரும் இடங்களுக்கு அது கொடுக்கப்படுகிறது. சிங்கப்பூரில் பட்டியல் தொடங்கியபோது அதற்கான வரம்பு ஒருவருக்கு 45 வெள்ளி. கையில் அளவான பணத்தோடு பயணம் போகிறவர்களுக்கு நட்சத்திரப் பட்டியலைவிட இது அதிகம் உதவும்.

ஒரே உணவகம், இரண்டு விடை

பயணிகள் ஒப்பிடும்போது குழப்பம் வர இன்னொரு காரணம், ஆளுக்கொரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு பேசுவது. மிஷலின் ஒரு பட்டியல். 'உலகின் சிறந்த 50 உணவகங்கள்' என்பது வேறொரு பட்டியல். 2002இல் பிரிட்டனில் ஒரு சஞ்சிகை தொடங்கியது அது. ஆசியாவுக்கான பட்டியல் 2013இலிருந்து வருகிறது. அதில் சோதனையாளர்கள் இல்லை. சமையல் கலைஞர்கள், உணவு எழுத்தாளர்கள், நிறைய ஊர் சுற்றிச் சாப்பிடுபவர்கள் எனப் பலர் வாக்களிப்பார்கள். மொத்தமாகச் சாப்பாட்டு அனுபவம் பிடித்திருந்தால் வாக்கு.

கோல்கத்தாவில் பிறந்த ககன் ஆனந்தின் பேங்காக் உணவகத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 முதல் 2018 வரை தொடர்ந்து 4 ஆண்டு அது ஆசியாவின் முதலிடம். ஆனால் பேங்காக்கின் முதல் மிஷலின் பட்டியல் 2017 டிசம்பரில் வெளிவந்தபோது அதற்குக் கிடைத்தது 2 நட்சத்திரம், 3 இல்லை. ஒரு பட்டியலில் ஆசியாவிலேயே ஆகச் சிறந்த இடம். இன்னொன்றில், வழியை மாற்றிக்கொண்டு போகத் தகுந்த இடம். எது சரி? கேள்வி வேறு என்பதால் விடையும் வேறு, அவ்வளவுதான்.

இரண்டு அளவுகோலிலும் உச்சம் தொட்டவை சில உண்டு. தேசியக் கலைக்கூடத்தில் உள்ள ஒடெட் 2019இல் மிஷலினின் 3 நட்சத்திரத்தையும் பெற்றது, ஆசியாவின் முதலிடத்தையும் பிடித்தது.

எல்லா ஊருக்கும் ஏன் பட்டியல் இல்லை?

தென்கிழக்காசியாவில் மிஷலின் முதலில் வந்தது சிங்கப்பூருக்கு. சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் அதற்குப் பங்காளியாக இருந்தது. தாய்லந்தின் சுற்றுப்பயண ஆணையம் 5 ஆண்டுகளுக்கு 144 மில்லியன் பாட் ஒதுக்குவதாக 2017இல் அறிவித்தது. கோலாலம்பூர், பினாங்குக்கான முதல் பட்டியல் 2022 டிசம்பரில் வந்தது. பங்காளிகள் பணம் கொடுத்தாலும் யாருக்கு நட்சத்திரம் என்பதைச் சோதனையாளர்கள்தான் முடிவுசெய்கிறார்கள் என்பது மிஷலினின் விளக்கம்.

ஆனாலும், சோதனையாளர் எந்த ஊருக்குப் போகிறார் என்பதே ஒரு தேர்வுதானே? மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் மிஷலின் உணவகம் இல்லை என்றால், அங்கே நல்ல சமையல் இல்லை என்று பொருளில்லை. அங்கே யாரும் மதிப்பெண் போடப் போகவில்லை. அதனால்தான் நம்ம சாப்பாட்டுக்குக் கிடைத்த நட்சத்திரங்கள் எல்லாம் கடல் தாண்டிய ஊர்களில் இருக்கின்றன.

நம்ம சாப்பாடு எங்கே நிற்கிறது?

இந்திய உணவகங்களுக்கு முதன்முதலாக நட்சத்திரம் கிடைத்தது 2001இல், லண்டனில். டாமரிண்ட், ஸைக்கா என்ற இரண்டு உணவகங்கள் அதைப் பெற்றன. சிங்கப்பூரின் 2016 பட்டியலில் ஸ்காட்ஸ் ரோட்டில் உள்ள சாங் ஆஃப் இந்தியாவுக்கு 1 நட்சத்திரம். பினாங்கில் பிறந்த மனோ தேவர் சிங்கப்பூரில் நடத்தும் தேவர் உணவகம் 2021இல் 1 நட்சத்திரமும் 2022இல் 2 நட்சத்திரமும் பெற்றது. துபாயின் ட்ரெசிண்ட் ஸ்டூடியோ 2025இல் 3 நட்சத்திரம் பெற்றது. இந்திய உணவகம் ஒன்று அந்த உயரத்தைத் தொட்டது அதுவே முதன்முறை.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை நியூயார்க்கில் உள்ள 'செம்ம'. தமிழ்நாட்டின் நத்தம் பகுதியைச் சேர்ந்த விஜய் குமார் அதன் சமையல் கலைஞர். 2021இல் திறந்த உணவகம் 2022இல் நட்சத்திரம் பெற்றது. அங்கே பேசப்படும் உணவுகளில் ஒன்று நத்தைப் பிரட்டல். வயலில் பொறுக்கி வந்து வீட்டில் சமைத்த நத்தை, ஊரில் வெளியே சொல்லக் கூச்சப்பட்ட சாப்பாடு, மன்ஹாட்டனில் மேசைக்கு வந்தது. 2025இல் விஜய் குமார் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல் கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதையும் வாங்கினார்.

இப்போது லிட்டில் இந்தியாவுக்கு வருவோம். ஆனந்த பவன் 1924இலிருந்து இருக்கிறது. கோமள விலாஸ் 1947இலிருந்து. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் முத்தூஸ் கறிக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். மீன் தலைக் கறியே சிங்கப்பூரில் பிறந்த உணவுதான். கேரளத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோமஸ் 1940களின் இறுதியில் அதை அறிமுகப்படுத்தியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சீன வாடிக்கையாளர் விரும்பும் மீன் தலை, நம்ம ஊர்க் குழம்பு. இரண்டும் ஒரே சட்டியில்.

இதற்கெல்லாம் யாரும் 300 வெள்ளி கேட்பதில்லை. கேட்டால் நாமே கொடுக்கமாட்டோம். 8 வெள்ளி மசால் தோசைக்கு "என்ன இவ்வளவு விலை?" என்கிற நாம்தான், வெளிநாட்டில் வெண்ணெயும் ரொட்டியும் முதல் தட்டாக வரும்போது படம் எடுத்துப் போடுகிறோம். மாவாட்டிப் புளிக்கவைத்து, மசாலா வறுத்து அரைத்துச் செய்யும் சமையலில் உழைப்பு குறைவா என்ன? 'நம்ம சாப்பாடு மலிவாத்தான் இருக்கணும்' என்பது சுவை பற்றிய தீர்ப்பு இல்லை, பழக்கம். தேவரும் செம்மவும் உடைத்தது அந்தப் பழக்கத்தைத்தான். அதே சமயம், நட்சத்திரம் வந்த பிறகுதான் நத்தைக்கு மரியாதை என்றால் அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

போக முடிவெடுத்துவிட்டீர்களா?

அப்படியென்றால் இவற்றைக் கவனியுங்கள்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா? சிங்கப்பூரில் அதற்குப் பொருள் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் தனி. 300 வெள்ளியோடு 30 வெள்ளி சேவைக் கட்டணம் சேர்ந்தால் 330. அதன்மேல் வரி சேர்ந்தால் 359 வெள்ளி 70 காசு. இரண்டு பேர் போனால் 719 வெள்ளி 40 காசு. பானங்கள் இதில் இல்லை.

என்ன சாப்பிடமாட்டீர்கள் என்பதை முன்பதிவின்போதே சொல்லுங்கள். இத்தகைய பல இடங்களில் 'டேஸ்டிங் மெனு' மட்டுமே இருக்கும். சமையல் கலைஞர் முடிவுசெய்த வரிசையில் சின்னச் சின்னத் தட்டுகளாக வரும். முக்கியத் தட்டு மாட்டிறைச்சியாக இருக்கலாம். காய்கறி உணவிலும் எலும்புச் சாறு இருக்கலாம். சாஸில் வைன் இருக்கலாம். சைவம், ஹலால், ஒவ்வாமை எதுவானாலும் மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் அதிகம் செய்ய முடியாது.

ரத்து விதிமுறையைப் படியுங்கள். முன்பணம் கேட்பதும், கடைசி நேரத்தில் வராவிட்டால் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

மதிய உணவு உண்டா என்று பாருங்கள். அதே சமையலறை, அதே சமையல்காரர்கள், பல இடங்களில் இரவைவிடக் குறைந்த விலை.

சாப்பிட்டு வந்த பிறகு நண்பர் கேட்டால் 'நல்லா இருந்துச்சு', 'வேஸ்ட்' என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். சமையல் எப்படி, கவனிப்பு எப்படி, வயிறு நிறைந்ததா, எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆனது, இன்னொரு முறை சொந்தக் காசில் போவீர்களா என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு மட்டும்தான் நட்சத்திரம் பதில் சொல்கிறது. மற்ற நான்குக்கும் போய்வந்தவர்தான் பதில் சொல்ல முடியும்.